பட்டினிக்காட்டில் கூடுதல் மகசூல்

சங்கரன்கோவில்,
22-3-1981

மதிப்பிற்குரிய பொன்னுச்சாமி மாமா அவர்களுக்கு,

மருமகன் காசி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். சென்னையில் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்லுகிறாள். கேட்டுவிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுகிறாள். அதையும் கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

போன ஆவணியில் நீங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, அம்மாவுக்கும் உங்களுக்கும் பொதுவில் இருக்கும் மூன்று ஏக்கர் கரிசலைத் திருவேங்கடத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரர் தொழிற்சாலைச் செட் போடுவதற்குக் கேட்கிறார் என்று சொன்னீர்கள். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டார். நீங்கள் என்னைப் பார்த்து, "வேளாண்மைக்குன்னே கோயமுத்தூர்ல நாலு வருசம் படிச்சிருக்கேல்லா, ஒரு வெள்ளாமை பாத்து எனக்கு எழுது. கடையில உர மூட்டை வாங்காம, மருந்து வாங்காம, நம்ம மாட்டுச் சாணியையும் நம்ம ஊரு ஆளுகளையும் வச்சே அந்த மண்ணு தாக்குப் பிடிக்கும்னா விக்கல. பிடிக்காதுன்னா சம்மதத் தாள்ல அக்காட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிரு" என்று சொன்னீர்கள். நானும் சரி என்றேன். ஏழு மாதம் ஆயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை கெட்டுப்போய்விட்டது. கெடுத்தது மழையில்லை, புழுவில்லை. மனிதர்கள். ஒவ்வொருவராக எழுதுகிறேன்.

வண்டிப்பாதையை ஒட்டிய பக்கத்தில் இருபது இருபது சென்டாக மூன்று துண்டு அளந்து, நாலு மூலையிலும் கல் நட்டு, தகரப் பலகை அடித்தேன். மூன்றிலும் ஒரே பருத்தி விதை, ஒரே நாள் விதைப்பு. முதல் துண்டுக்கு யூரியாவும் பூச்சி மருந்தும். இரண்டாம் துண்டுக்கு நம் தொழுவத்துச் சாணி உரமும், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்த தண்ணீரும். மூன்றாம் துண்டுக்கு ஒன்றும் கிடையாது. உழுவது, விதைப்பது, களை வெட்டுவது, அவ்வளவுதான். இந்த மூன்றாவது எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். கடையில் பருத்தி எடை போடும்போது வெறும் சாக்கை முதலில் எடை போட்டுக் கழிக்கிறார்கள் அல்லவா, அதற்குத்தான். மண் தானாக எவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்தால்தான், சாணி எவ்வளவு கொடுத்தது, மூட்டை எவ்வளவு கொடுத்தது என்று கழித்துச் சொல்ல முடியும். வெறும் சாக்கில் கல்லைப் போட்டுவிட்டால் கணக்கு முழுவதும் போயிற்று. இதை அப்பாவிடம் இரண்டு முறை விளக்கினேன். அப்பா பலகையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து, "ஏலே, ஒரு கை குப்பை கூடப் போடாம விதைக்கவா உன்னை அம்புட்டு தூரம் அனுப்பிப் படிக்க வச்சேன்?" என்று கேட்டார்.

களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் வழக்கமாக வரும் எட்டுப் பெண்களையும், அவர்களுக்குத் தலைவி மாதிரி இருக்கும் பேச்சியையும் உங்களுக்குத் தெரியும். எட்டில் அவளும் சேர்த்தி. அவர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தி, மூன்றாம் துண்டில் யாரும் எதையும் போடக் கூடாது, கொட்டக் கூடாது, ஊற்றக் கூடாது என்று சொன்னேன். பலகையிலும் "இங்கு எதுவும் இடக் கூடாது" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்பது எங்கள் பாடத்தில் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் துண்டுக்குப் 'பட்டினிக்காடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். இங்கே புஞ்சை என்றாலே காடுதானே. ஊருக்குள் பிள்ளைகள்கூட, "எங்க போறே?", "பட்டினிக்காட்டுப் பக்கம்" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பட்டப்பேர் ஏதும் வைத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

ஐப்பசியில் மழை சரியாக விழுந்தது. விதைத்தோம். கார்த்திகை பாதியில் பார்த்தால் மூன்றாம் துண்டில் செடி கருகருவென்று நிற்கிறது. மற்ற இரண்டையும்விட ஒரு சாண் உயரம். நான் நோட்டில் "கரிசல் மண்ணின் இயற்கை வளம் வியக்கத்தக்கது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு நாள் போனால் பருத்தி வரிசைக்கு நடுவே பாசிப்பயறு முளைத்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். "பழைய வெதை கெடந்து மொளைச்சிருக்கும்" என்றார். பழைய விதை கிடந்து முளைத்தால் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டிலா முளைக்கும்? கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி அங்கேயே வீசிவிட்டு வந்தேன். அது அங்கேயே மட்கி உரமாகிவிட்டது. ஆக, பட்டினிக்காட்டுக்கு உரம் போட்டவர்கள் பட்டியலில் என் பெயரும் உண்டு. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் விவசாய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். பட்டினிக்காட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி போட்டீங்க?" என்று கேட்டார். ஒன்றும் போடவில்லை என்றேன். "இதை எங்கயும் எழுதிராதீங்க. மேல இருந்து கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

மாசியில் எடுப்பு தொடங்கி போன வாரத்தோடு மூன்று எடுப்பு முடிந்தது. கூலிப் பங்கு பிரிப்பதற்கு முன்னால் நானே உட்கார்ந்து எடை போட்டேன். மூட்டைத் துண்டு ஐம்பத்திரண்டு கிலோ. சாணித் துண்டு நாற்பத்தேழு. ஒன்றும் போடாத பட்டினிக்காடு அறுபத்து மூன்று! தராசில் கோளாறு என்று நினைத்து, பலசரக்குக் கடையில் தராசு வாங்கி வந்து மறுபடி போட்டேன். அறுபத்து மூன்றுதான். மாமா, ஒன்றும் போடாததில்தான் அதிகம் விளையும் என்றால் உலகத்தில் உள்ள வேளாண்மைக் கல்லூரியை எல்லாம் பூட்டிவிட்டு நாங்கள் எல்லாரும் வேறு வேலை பார்க்கலாம். தராசை இறக்கி வைத்துவிட்டு நேரே பேச்சியிடம் போனேன்.

"பேச்சி, உண்மையைச் சொல்லு. பட்டினிக்காட்டுல என்ன போட்டே?"

"நான் என்ன தம்பி போட்டேன், ஒண்ணும் போடலியே."

"ஒண்ணும் போடாம இம்புட்டு வருமா?"

"பெருசா ஒண்ணும் போடல. ஆளுக்கு ரெண்டு ஓலைப்பெட்டி வீட்டுக் குப்பை. அம்புட்டுதான்."

"எட்டுப் பேருமா?"

"ஏழு பேருதான். முத்துத்தாய் வீட்டுல ஆடு நெறைய, அவ மட்டும் நாலு பெட்டி."

"போடக் கூடாதுன்னு பலகையில எழுதியிருந்தேன்லா?"

"அந்தப் பலகைய யாரு படிக்கா? நீங்க வாயால சொன்னது நெனவிருக்கு. ஆனா தம்பி, ரெண்டு பேருக்குச் சோறு போட்டுட்டு பக்கத்துல இருக்கவன மட்டும் பாக்க வச்சா நல்லாவா இருக்கு? உங்க காலேசுல பிள்ளையளையும் இப்பிடித்தான் மூணுல ஒண்ணப் பட்டினி போட்டு எடை பாப்பாவளோ?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேறு என்ன போட்டாய் என்றேன். கோயிலில் இருந்து ஒரு பொட்டலம் புற்றுமண் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து நாலு மூலைக்கும் தெளித்ததாகச் சொன்னாள். அதில் எந்தச் சத்தும் கிடையாது என்று சொன்னேன். "சத்துக்கா போட்டேன்? பூச்சி பொட்டு அண்டாம இருக்கப் போட்டேன்" என்றாள். வெட்டிய களையைக்கூட மற்ற துண்டில் வரப்போரம் ஒதுக்கியவர்கள், இதில் மட்டும் செடியின் தூருக்கு அணைத்து வைத்திருக்கிறார்கள். கூலிக்கு வருகிற உங்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன். நான் கேட்டது உள்ளபடியே தெரிந்துகொள்ளத்தான், குத்திக்காட்ட அல்ல. பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுத்த பருத்தியிலதான எங்களுக்குக் கூலி? செடி காய்ச்சாத்தான எங்களுக்கு எடுக்க? நீங்க நோட்டுல எழுதிட்டு எந்திரிச்சுப் போயிருவிய. நாங்க இதே காட்டுலதான நிக்கணும்?" என்று சொல்லிவிட்டுத் தலைச்சுமையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பதினாறு பதினெட்டு பெட்டிக் குப்பைக்கு அறுபத்து மூன்று கிலோ வராது. எங்கோ பெரிய உரம் விழுந்திருக்கிறது என்று மனசில் பட்டது. புரட்டாசியில் நான் வேலைக்கு நேர்காணல் என்று நாலு நாள் கோயம்புத்தூர் போயிருந்தேன். அந்த நாலு நாள் என்ன நடந்தது என்று கேட்க, ராத்திரியில் காடுகளில் ஆடுகளை அடைத்து எருவுக்குக் கிடை போடும் வெள்ளத்துரையைத் தேடிப் போனேன். இளையரசனேந்தல் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"எங்க காட்டுல கிடை போட்டீங்களா?"

"போட்டேன் தம்பி. ரெண்டு நாளு. முந்நூறு ஆடு."

"யாரு கேட்டா?"

"ஒருத்தரும் கேக்கல. அந்த வழியா வாரப்ப உங்க அப்பா வரப்புல உக்காந்திருந்தாவ. என்ன அண்ணாச்சி முகம் வாடியிருக்குன்னு கேட்டேன். மகன் இந்தத் துண்டப் பட்டினி போடப் போறான்னு சொன்னாவ. சரி, இன்னைக்கு இங்கனயே படுக்கட்டும்னு கிடைய அமத்திட்டேன்."

"அதுக்குக் கூலித் தானியம் யாரு கொடுத்தா?"

"பட்டினி கெடக்கவன்ட்ட போயி என்னத்த வாங்க?"

"பலகை இருந்துச்சே!"

"இருந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது. ஆட்டுக்கும் தெரியாது. அதுல ஒரு கெடா நல்லா முதுகு சொறிஞ்சிக்கிட்டுது."

முந்நூறு ஆடு, இரண்டு இரவு, இருபது சென்ட். புழுக்கையும் மூத்திரமும் ஒரு அங்குலம் விடாமல் இறங்கியிருக்கிறது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு உரத்தை இவ்வளவு சின்ன இடத்தில் யாரும் சிபாரிசு செய்ததில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். வெள்ளத்துரை சொன்னது உண்மைதான், நான் ஊர் திரும்புவதற்குள் புழுக்கை தெரியாமல் உழுது மூடிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடாமல், இரண்டாம் துண்டாவது சுத்தமா என்று கேட்டேன். அப்பா எழுந்து வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார். அவர் வெற்றிலை போடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. சாணித் துண்டு பின்தங்கினால் நிலம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடும் என்று பயந்து, முதல் துண்டுக்கு வைத்திருந்த யூரியாவில் பாதியை அள்ளி இரண்டாம் துண்டில் போட்டிருக்கிறார். "சாணிதான ஜெயிக்கணும்? அதுக்குத்தான் கொஞ்சம் யூரியா போட்டேன்" என்கிறார். இந்த வாக்கியத்தை நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாணி ஜெயிக்க யூரியா! அம்மா அடுப்பங்கரையில் இருந்து, "அவுகள ஏசாத எய்யா, நாந்தான் போடச் சொன்னேன்" என்றாள்.

மிச்சம் இருந்தது முதல் துண்டு. அதற்கு நான் வாங்கிக் கொடுத்த பூச்சி மருந்தைத் தெளித்தார்களா? இல்லை. தெளிப்பானில் நான் ஊற்றிக் கொடுத்துவிட்டு வரப்பைத் தாண்டியதும், பேச்சி கூட்டம் அதை மேட்டில் ஆழக் குழி தோண்டி ஊற்றி மூடிவிட்டு, வேப்பங்கொட்டைத் தண்ணீரையே மூன்று துண்டுக்கும் அடித்திருக்கிறது. இதற்கு மட்டும் நான் சத்தம் போடவில்லை. போன வருடம் பக்கத்துக் காட்டில் மருந்து அடித்த மறுநாள் வரப்பில் புல் மேய்ந்த பேச்சியின் இரண்டு ஆடும் நுரை தள்ளிச் செத்தன. சினை ஆடுகள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்கவில்லை என்றும் ஒரு பெண் சொன்னாள். அதை என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றேன். "நீங்க எங்கள வரிசையா நிக்க வச்சுச் சொன்னிய, கேக்கலையே தம்பி" என்றாள்.

ஆக மாமா, முதல் துண்டில் வேப்பங்கொட்டை, இரண்டாம் துண்டில் யூரியா, மூன்றாம் துண்டில் முந்நூறு ஆடு. இதில் எதை எதிலிருந்து கழிப்பது?

சரி, விலையிலாவது ஒரு உண்மை தெரியட்டும் என்று, விஷ மருந்து படாத பருத்தி என்று தனியாகக் கட்டி, பருத்தி வாங்கும் அப்துல் மஜீது பாயிடம் கொண்டுபோனேன். கடையநல்லூர்க்காரர், நியாயமான மனிதர். "விசம் அடிக்காத பருத்தியா? ரொம்ப நல்லது தம்பி. ஆனா இதைத் திங்கவா போறோம், வேட்டிதான நெய்யப் போறாக" என்று சொல்லி, மற்ற பருத்தியோடு சேர்த்து ஒரே குவியலில் தட்டிவிட்டார். விலையில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. "மருந்து வாங்காததுல உங்களுக்கு மிச்சம்தான, அதான் உங்க லாபம். எங்கிட்ட எதுக்குத் தேடுதிய?" என்றார். அவர் சொன்னது தப்பு என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எதையுமே சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம்.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. அந்த மண் கடைச் சரக்கு இல்லாமல் தாக்குப் பிடிக்குமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. எண்கள் இல்லாமல் நான் பேசமாட்டேன், இருக்கிற எண்கள் குப்பைக்குத்தான் ஆகும். அதுவும் பேச்சி ஏதாவது காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். யாரும் சொன்னபடி கேட்காத இடத்தில் விவசாயத்தை ஒரு திட்டமாக நடத்த முடியாது. நிரூபிக்க முடியாவிட்டால் விற்பது என்பது நாம் பேசிய பேச்சு. ஆகவே விற்றுவிடுங்கள். அம்மாவிடம் சொன்னேன். எழுத்துக்கூட்டி 'முருகம்மாள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்பா அந்நேரம் வீட்டில் இல்லை. காட்டுக்குப் போயிருந்தார். கையெழுத்திட்ட சம்மதத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். கோயம்புத்தூர் உரக் கம்பெனியில் இருந்து வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பங்குனி முடிந்ததும் போய்ச் சேர்கிறேன்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். அம்மா உங்கள் எல்லாரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். சங்கரநாராயணர் துணையிருப்பார் என்று எழுதச் சொன்னாள். அப்பா இன்னும் காட்டிலிருந்து திரும்பவில்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
த. காசி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன்னால் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை தீப்பெட்டி ஆபீஸ்காரர் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு நிலத்தைப் பார்க்க வந்தார். நானும் கூடப் போனேன். கரிசல் மழையில் ஊறி வெயிலில் வெடிக்கும், அதன் மேல் சுவர் நிற்காது, அதனால் மேல்மண்ணை இடுப்பளவுக்கு வழித்துவிட்டுச் சரளை அடிக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். அது சரிதான், தொழில்நுட்பப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். வழித்த மண்ணை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்ய, ஓடையில தள்ளிர வேண்டியதுதான்" என்றார் ஆபீஸ்காரர். அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசியதில் படித்தவன் பேசும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கொத்தனார்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் வண்டி ஏறிப் போய்விட்டார்கள். திரும்பி வருவார்கள் என்று தோன்றவில்லை.

ஆகவே மேலே எழுதியதில் மூன்று எடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடவும். சம்மதத் தாளை இணைத்திருப்பதாகச் சொன்னேன். இணைக்கவில்லை. உரக் கம்பெனிக்கு, இந்த வருடம் வர இயலாது என்று ஒரு கார்டு எழுதிப் போட்டாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் விற்றுத்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குப் பட்டால், நீங்களே நேரில் வந்து பேச்சியிடம் சொல்லுங்கள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லுகிறவன்தான் நான், ஆனாலும் இதை என்னால் சொல்ல முடியாது. களை வெட்டும் நாளாகப் பார்த்து வந்தால் எட்டுப் பேரையும் சேர்த்துப் பார்க்கலாம். எல்லார் கையிலும் களைக்கொத்து இருக்கும்.